ஈயும் ஈகையும்: கிரே கோஸ்ட், வுல்லி பக்கர் – ஓர் ஒப்பாய்வு

தமிழில் ‘ஈ’ என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பறக்கிற பூச்சியும் ஈ. ‘கொடு’ என்று கேட்பதும் ஈ. ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்களோடு பழகிய ஆண்டுகளில், இந்த இரண்டு பொருளும் ஒரே உள்ளங்கையில் வந்து உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தூண்டில் முள்ளின் மேல் இறகும் முடியும் நூலும் ஜரிகையும் சுற்றிச் செய்கிற பொய் இரையை அவர்கள் ‘ஃப்ளை’, அதாவது ஈ என்கிறார்கள். ஆற்றங்கரையில் முன்பின் தெரியாத இருவர் எதிர்ப்பட்டால் முதலில் தண்ணீர் கலங்கலா தெளிவா என்று பேசிக்கொள்வார்கள். பிறகு ஒருவர் சட்டைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துத் திறப்பார். ‘இன்றைக்கு எதற்குக் கடித்தது?’ என்ற கேள்விக்கு அதுதான் பதில். விடைபெறும்போது அந்த டப்பாவில் ஓர் ஈ குறைந்திருக்கும். மற்றவர் டப்பாவில் ஒன்று கூடியிருக்கும்.

எனக்கு அப்படிக் கிடைத்த முதல் ஈயை இன்னும் வைத்திருக்கிறேன். பென்சில்வேனியாவில் ஓர் ஓடை. ஏப்ரல் மாதக் குளிர். காலையிலிருந்து ஒன்றும் படாமல் நின்றுகொண்டிருந்த என்னைத் தாண்டிப்போன முதியவர் ஒருவர் திரும்பி வந்து, என் நூல் முனையில் இருந்ததைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் டப்பாவைத் திறந்து, சுண்டுவிரல் நீளத்தில் கறுப்பாக, ஈரத்தில் ஒட்டிக் கிடந்த ஒன்றை எடுத்துத் தந்தார். பார்க்க அழகாக இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே வீசு, கொஞ்சம் அமிழ விடு, விட்டு விட்டு இழு என்று கையாலேயே காட்டிவிட்டுப் போய்விட்டார். நாலைந்து வீச்சுக்குள் நூல் வெடுக்கென்று விறைத்தது. அந்தக் கறுப்பு ஈதான் வுல்லி பக்கர்.

எல்லா ஈயும் பூச்சியைப் போலச் செய்யப்படுவதில்லை. நீரின் மேல் மிதப்பவை, நீருக்குள் நகரும் புழுக்களைப் போன்றவை என்று பல வகை இருக்க, சிறு மீன், அட்டை, ஆற்று நண்டினம் போன்ற பெரிய இரைகளை நினைவூட்டும் நீண்ட ஈக்களுக்கு ஸ்ட்ரீமர் என்று பெயர். ட்ரவுட் வளர வளர அதன் பசி மாறுகிறது. கொசு அளவிலான பூச்சியை நாள் முழுதும் பொறுக்கித் தின்பதைவிட, ஒரு சிறு மீனை ஒரே வாயில் பிடிப்பது பெரிய உடம்புக்குக் கட்டுப்படியாகும். பெரிய மீனைத் தேடுகிறவர்கள் ஸ்ட்ரீமரை நாடுவது இதனால்தான். உன் டப்பாவில் எப்போதும் இருக்கிற ஸ்ட்ரீமர் எது என்று கேட்டுப் பாருங்கள்; அடக்கமான மனிதர்கூட அரைமணி நேரம் பேசுவார்.

அப்படிப் பேசப்படும் பெயர்கள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே அருகருகே வைக்கிறேன். ஒன்று கேரி ஸ்டீவன்ஸின் கிரே கோஸ்ட். மற்றது ரஸ்ஸல் பிளெஸ்ஸிங்கின் வுல்லி பக்கர். இரண்டுமே அமெரிக்க மண்ணில் பிறந்தவை. இரண்டுமே கைமாறிக் கைமாறி உலகம் சுற்றியவை. ஆனால் அவை கைமாறிய விதம் நேரெதிரானது. ஒரு வடிவத்தைப் பகிர்கிறோம் என்றால் உண்மையில் எதைப் பகிர்கிறோம் என்ற கேள்விக்கு இவை இரண்டும் இரண்டு விடைகள்.

பிறந்த இடம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மெய்ன் மாநிலம். அங்கே ரேஞ்ச்லி ஏரிகள் என்ற ஏரித்தொடர். மூஸ்லுக்மெகன்டிக் ஏரியின் நீர் அடுத்த ஏரிக்கு இறங்கும் இடத்தில் அப்பர் டேம் என்ற அணை. அணைக்கு அருகே குடியிருந்தவர் கேரி ஸ்டீவன்ஸ். கணவர் வாலஸ், மீன்பிடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி. 1924 ஜூலை 1 அன்று கேரி வீட்டுவேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு ஸ்ட்ரீமரைக் கட்டினார். அதை எடுத்துக்கொண்டு அணைக்குக் கீழே இருந்த மடுவுக்குப் போனார். ஒரு மணி நேரத்துக்குள் 6 பவுண்டு 13 அவுன்ஸ் எடையுள்ள புரூக் ட்ரவுட் ஒன்றைக் கரைசேர்த்தார். நம் கணக்கில் மூன்று கிலோவுக்கும் சற்று மேல். ‘ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்’ இதழ் அந்த ஆண்டு நடத்திய போட்டியில் அந்த மீனுக்கு இரண்டாம் பரிசு. அதன்பின் ஈ கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. அன்று முள்ளில் இருந்தது கிரே கோஸ்ட்தான் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இல்லை, அதற்கு முந்திய வேறொரு ஈ என்று வாதிடுவோரும் உண்டு. எதுவாயினும் கேரியின் கையிலிருந்து வந்தவற்றில் நிலைத்துப் புகழ்பெற்றது கிரே கோஸ்ட். ‘சாம்பல் நிறப் பேய்’ என்பது அதன் பெயரின் பொருள்.

இந்தக் கதையின் தொடக்கத்திலும் ஒரு கொடை இருக்கிறது. கேரியை ஈ கட்டத் தூண்டியவர் சார்ல்ஸ் வீலர் என்ற நண்பர். ‘ஷாங்’ என்று அழைக்கப்பட்ட அவர் கனெக்டிகட் மாநிலத்துக்காரர். வேட்டைக்கான பொய் வாத்துகளை மரத்தில் செதுக்குவதில் பெயர்பெற்றவர். பொய் வாத்து செய்யத் தெரிந்தவருக்குப் பொய் மீனின் அருமையும் தெரிந்திருந்தது போலும். கேரி பிற்பாடு தான் கட்டிய ஓர் ஈக்கு அவர் பெயரையே சூட்டினார். நன்றியைப் பெயரில் முடிந்துவைத்த செயல் அது.

வுல்லி பக்கர் பிறந்ததற்கு இப்படியொரு நாடகக் காட்சி கிடையாது. 1967இல் பென்சில்வேனியாவில் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் அதைக் கட்டினார். ட்ரவுட் அப்போது அவர் எண்ணத்திலேயே இல்லை. ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன் விரும்பித் தின்னும் ஹெல்கிரமைட் எனும் நீர்ப்புழுவைப் போல ஒன்று வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஏற்கெனவே வழக்கில் இருந்த ‘வுல்லி வார்ம்’ என்ற ஈயின் உடலுக்குப் பின்னால் மென்மையான, நீண்ட வால் ஒன்றைச் சேர்த்தார். வுல்லி வார்ம் என்றால் கம்பளிப் புழு. தமிழில் நாம் கம்பளிப்பூச்சி என்று அழைப்பதும் அதே கம்பளியைப் பார்த்துத்தான். உடல் முழுக்க இறகைச் சுருள் சுருளாகச் சுற்றி மயிர்ப்புழுவைப் போலாக்கும் முறை மிகப் பழையது. 1653இல் வெளிவந்த ஐசக் வால்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூலிலேயே ‘பாமர்’ என்ற பெயரில் அது பேசப்படுகிறது. பிளெஸ்ஸிங் பழைய மரத்தில் ஒரு புதுக் கிளையை ஒட்டினார், அவ்வளவுதான். அந்தக் கிளைதான் பின்னால் காடாயிற்று.

முள்ளின் மேல்

இரண்டையும் கட்டிப் பார்த்தால்தான் வேறுபாடு விரல்களுக்குப் புரியும்.

கிரே கோஸ்ட்டுக்கு நீண்ட தண்டுள்ள முள் வேண்டும். முதலில் ஆரஞ்சு நிறப் பட்டு நூலை மேடுபள்ளம் இல்லாமல் மெல்லிய உடலாகச் சுற்ற வேண்டும். அதன் மேல் தட்டையான வெள்ளி ஜரிகையைச் சம இடைவெளியில் ஓட்ட வேண்டும். வயிற்றுப் பக்கம் மயில்தோகை இழைகள் நாலைந்து; அவற்றோடு மான் வாலின் வெள்ளை முடி ஒரு சிட்டிகை; பிறகு பொன்னிற ஃபெசன்ட் பறவையின் கொண்டை இறகு. முதுகில் இன்னொரு கொண்டை இறகு, அதைப் போர்த்துகிற மாதிரி பாசியும் சாம்பலும் கலந்த நிறத்தில் நான்கு சேவல் இறகுகள், பக்கத்துக்கு இரண்டாக. தோளில் வெள்ளி ஃபெசன்ட்டின் மார்பிறகு. கன்னத்தில் காட்டுக்கோழியின் கழுத்திறகு, அதுதான் கண். கறுப்புத் தலையில் செந்நிற நூலால் ஒரு கோடு. அந்தக் கோடு கேரியின் கையெழுத்து.

எட்டு வகைப் பொருள். ஒவ்வொன்றின் நீளமும் மற்றொன்றின் நீளத்தைப் பொறுத்தது. தோளிறகு சிறகின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஈ கழுத்துச் சுருங்கித் தெரியும். நான்கு சேவல் இறகுகளில் ஒன்று புரண்டாலும் தண்ணீரில் ஈ சுழலும். இதற்குக் கேரி கண்ட வழி, சிறகையும் தோளையும் கன்னத்தையும் முன்கூட்டியே பசையால் ஒன்றாக ஒட்டிக் காயவைத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு தொகுதியாக முள்ளில் பூட்டுவது. இத்தனையையும் முள்ளைப் பிடிக்கும் வைஸ் எதுவும் இல்லாமல் வெறும் விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு அவர் செய்தார். நான் வைஸில் பூட்டிய முள்ளில் கட்டியதற்கே முதல் மூன்றையும் பிளேடால் அறுத்துப் போட வேண்டியிருந்தது. நான்காவதை மேசை விளக்கில் திருப்பிப் பார்த்தபோது, அந்தச் சிறகின் சாம்பலுக்கு அடியில் ஆரஞ்சு உடல் கனல் போலத் தெரிந்து மறைந்தது. எதற்காக அந்த நிறத்தை அவர் உள்ளே ஒளித்தார் என்று அப்போதுதான் கண்ணுக்குப் பட்டது.

வுல்லி பக்கருக்கு மூன்று பொருள் போதும். வாலுக்கு மராபூ என்ற பஞ்சிறகு. ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவின் மராபூ நாரையிடமிருந்து வந்த பெயர் அது. இப்போது கிடைப்பது வான்கோழியின் அடியிறகு. உடலுக்கு ஷெனில் எனப்படும் பஞ்சுபோன்ற கயிறு. அதன் மேல் சேவலின் இறகு ஒன்றை வாலிலிருந்து தலைவரை திருகுபோலச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சுற்றும்போது இறகின் இழைகள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அவற்றைப் பின்னால் நீவிவிட்டு, அடுத்த சுற்றைப் போட வேண்டும். தலையில் நூலை முடிந்து, ஒரு துளி வார்னிஷ். முடிந்தது. மராபூவின் அளவை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டால், வாயில் வைத்து ஈரமாக்கிப் பார் என்பார்கள். உலர்ந்திருக்கும்போது விரல் பருமனில் தெரிந்தது ஈரத்தில் தீக்குச்சியாகச் சுருங்கும். அந்தத் தீக்குச்சிதான் மீன் பார்க்கப்போகிற வால்.

சமையற்கட்டில் நாம் சொல்கிற இரண்டு சொற்கள் இங்கே பொருந்துகின்றன. கிரே கோஸ்ட்டில் இருப்பது அளவு. வுல்லி பக்கரில் இருப்பது பக்குவம். அளவை எழுதிவைக்கலாம், தவறினால் தவறு என்று சொல்லலாம். பக்குவத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பிடிக்க முடியும். அதில் ஒவ்வொரு கைக்கும் ஒரு ருசி வரும்.

தண்ணீருக்குள்

கிரே கோஸ்ட் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வருகிறது: நான் ஸ்மெல்ட். ஸ்மெல்ட் என்பது மெய்ன் மாநிலத்து ஏரிகளில் கூட்டமாகத் திரியும் வெள்ளி நிறச் சிறு மீன். வசந்தத்தில் ஏரிப் பனி உருகியதும் அது முட்டையிட ஓடைகளுக்கு ஏறும். பசியோடு குளிர்காலத்தைக் கழித்த ட்ரவுட்டும், கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழும் சால்மனும் அதைப் பின்தொடரும். அந்த நாட்களில் படகின் பின்னால் கிரே கோஸ்ட்டை இழுத்துச் செல்வது அங்கே பழகிய வழக்கம். ஓடுகிற நீரில் சிறகு உடலோடு ஒட்டிக்கொள்ளும். இழுப்பு தளரும்போது மெல்ல விரியும். வயிற்றின் வெள்ளை, முதுகின் சாம்பல், கன்னத்தின் கண் எல்லாம் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட நீரில் வாழும் ஒரு குறிப்பிட்ட மீனாக நம் கண்முன் நிற்கும். வேட்டையாடும் மீன் இரையின் கண்ணைக் குறிவைத்துத் தாக்கும் என்பது தூண்டில்காரர்களின் உறுதியான நம்பிக்கை. அதனால்தான் கன்னத்துக் காட்டுக்கோழி இறகுக்கு இத்தனை மரியாதை.

வுல்லி பக்கர் எதைச் சொல்கிறது? எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. அங்கேதான் அதன் பலம். கறுப்பில் கட்டி, அடியில் மெதுவாக இழுத்தால் அட்டை. பழுப்பில் கட்டி, கற்களுக்கு நடுவே வெட்டி வெட்டி இழுத்தால் பின்னோக்கிப் பாயும் ஆற்று நண்டினம். வெள்ளையில் வேகமாக இழுத்தால் தப்பியோடும் குஞ்சு மீன். பாசி நிறத்தில் இழுக்காமல் ஓட்டத்தோடு விட்டுவிட்டால் நீரில் அடித்துவரும் பெரிய புழு. உயிருள்ளது போன்ற அந்த அசைவுக்குக் காரணம் மராபூ. அதன் இழைகள் மிக நுண்ணியவை. நின்ற நீரில்கூட மூச்சு விடுவது போல அலையும். இழுக்கும்போது ஒடுங்கி, நிறுத்தும்போது மலரும். சுற்றிய இறகின் இழைகள் ஒவ்வொரு இழுப்பிலும் மடங்கி நிமிர்கின்றன. முள்ளின் முன்பகுதியில் ஈயக் கம்பியோ தலையில் பித்தளை மணியோ சேர்த்தால், நிறுத்தும்போது மூக்கு கீழே சரியும், இழுக்கும்போது மேலே எழும். இந்த ஏற்ற இறக்கத்தைத் துரத்தாமல் விடுகிற ட்ரவுட் குறைவு.

இதை இப்படிச் சுருக்கலாம். கிரே கோஸ்ட்டில் வடிவம் பேசுகிறது, நீர் அதற்குத் துணை நிற்கிறது. வுல்லி பக்கரில் நீர் பேசுகிறது, வடிவம் அதற்கு இடம்விடுகிறது. ஸ்மெல்ட் வாழும் ஏரியில் கிரே கோஸ்ட்டின் நுட்பம் வேறு எதற்கும் வராது. அறிமுகமில்லாத ஆற்றில், எந்த இரை இருக்கிறது என்றே தெரியாத காலையில், கை தானாக வுல்லி பக்கரைத் தேடும்.

கைமாறிய விதம்

கேரி ஸ்டீவன்ஸ் தன் ஈக்களை அட்டைகளில் பொருத்தி, ரேஞ்ச்லியின் பெயரோடு விற்றார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தத் தொழில் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் அவர் கையிலிருந்து வந்தன. தான் கட்டுவதைப் பிறர் பார்க்க அவர் விரும்பியதில்லை என்பார்கள். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏரிக்கரையில், தபாலை நம்பிப் பிழைப்பு நடத்திய ஒரு பெண்ணின் கைவேலை அது. அதன் நுணுக்கமே அவருடைய முதல். ஆண்கள் எழுதி ஆண்கள் வாசித்த தூண்டில் உலகில், தலையில் சுற்றிய செந்நிறக் கோடு ஒன்றால் தன் பெயரை அவர் காத்துக்கொண்டார். 1953இல் தொழிலை வெண்டல் ஃபோல்கின்ஸ் என்பவருக்கு விற்றார். 1970இல் காலமானார். அதே ஆண்டு அப்பர் டேமில் அவருக்கு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. 2000இல் ஹில்யார்டு குடும்பத்தின் கிரேடனும் லெஸ்லியும் அவருடைய வாழ்க்கையையும் வடிவங்களையும் தனிநூலாகத் தொகுத்தார்கள். இன்றைக்கு ஒருவர் கிரே கோஸ்ட் கட்ட உட்கார்ந்தால் கேரியின் பெயரைத் தாண்டித்தான் நூலைத் தொட முடியும். ‘கேரி இதை எப்படிச் செய்தார்?’ என்பதே அங்கே கடைசித் தீர்ப்பு.

வுல்லி பக்கர் போன பாதை வேறு. பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாரி பெக் என்ற தூண்டில்காரர் பிளெஸ்ஸிங்கிடமிருந்து அதை அறிந்துகொண்டார். 1984இல் அவர் அதைப் பற்றி இதழில் எழுதியபின் நாடெங்கும் பரவியது. பிறந்து பதினேழு ஆண்டு கழித்துத்தான் அச்சு வெளிச்சம். அதுவரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு. அச்சேறிய பிறகு யாரும் அதை அப்படியே வைத்திருக்கவில்லை. ஒருவர் தலையில் மணி கோத்தார். ஒருவர் கூம்புத் தலை வைத்தார். வாலில் மின்னும் இழை இரண்டு சேர்த்தார் இன்னொருவர். ரப்பர்க் கால்கள் முளைத்தன. அலாஸ்காவில் சால்மன் முட்டையிடும் ஆறுகளில், இளஞ்சிவப்புத் தலையோடு, முட்டையைக் கவ்விக்கொண்டு போகிற அட்டையாக அது உருமாறியது. இரண்டு முள்ளை மூட்டுப்போட்டு இணைத்து, நடுவில் வளையும் பெரிய ஸ்ட்ரீமர்களைக் கட்டுகிற இன்றைய தலைமுறை, மராபூவின் மூச்சையும் சுற்றிறகின் துடிப்பையும் தன்னோடு எடுத்துக்கொண்டே போயிருக்கிறது. ஈ கட்டக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளில் முதல் பாடமாகப் பெரும்பாலும் வருவதும் இதுதான். தப்பாகக் கட்டினாலும் மீன் பிடிக்கும் என்பதைவிடப் புதியவருக்கு ஊக்கம் வேறு என்ன?

தொல்காப்பியம் கேட்கும் சொற்களை மூன்றாகப் பிரிக்கிறது. தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவர் ‘ஈ’ என்பார். தனக்கு ஒத்தவரிடம் ‘தா’. தனக்குக் கீழே இருப்பவரிடம் ‘கொடு’. இந்தப் பாகுபாட்டை ஆற்றங்கரைக்கு எடுத்துப்போனால் நம் இரண்டு ஸ்ட்ரீமர்களின் வேறுபாடு பளிச்சென்று விளங்கும். கிரே கோஸ்ட்டின் முன்னால் நாம் எப்போதும் ‘ஈ’ என்று நிற்கிறோம். எத்தனை ஆண்டு கட்டினாலும் அங்கே நாம் மாணவர், ஆசிரியர் ஒருவர்தான். வுல்லி பக்கர் ஒரே மாலையில் நம்மைத் ‘தா’ என்று கேட்கும் நிலைக்கு ஏற்றிவிடுகிறது. வாங்கிய அன்றைக்கே அதில் ஏதாவது மாற்றி, மறுவாரம் திருப்பிக் கொடுக்க நம்மிடமும் ஒன்று இருக்கும். பணிந்து கற்பதும் வேண்டும், சமமாக நின்று கொள்வதும் கொடுப்பதும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கைத்தொழிலும் நிலைத்ததில்லை.

காட்டுக்கோழியின் கண்

கிரே கோஸ்ட்டின் கன்னத்தில் இருக்கும் அந்த இறகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது நம் மலைக்குச் சொந்தமானது. தென்னிந்தியக் காடுகளில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் சேவல் கழுத்தில் ஒவ்வோர் இறகின் நுனித் தண்டும் தட்டையாகி, அரக்கு உருக்கி வைத்த பொட்டுப்போல வெண்மஞ்சளாக மின்னும். வேறு எந்தப் பறவையின் இறகும் அதற்கு ஈடாகாது என்பது ஈ கட்டுகிறவர்களின் முடிவு. அந்தப் பறவையின் அறிவியல் பெயரில் இருக்கும் சொன்னரா, 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்து தங்கிய பிரெஞ்சு இயற்கையியலாளர். ஆங்கிலேயர் காலத்தில் ட்ரவுட் மீன் கடல் கடந்து நீலகிரி ஓடைகளுக்கு வந்தது. நம் காட்டுக்கோழியின் கழுத்து கடல் கடந்து ட்ரவுட்டைப் பிடிக்கப் போனது. அவலாஞ்சியில் இன்றும் ட்ரவுட் பண்ணை இருக்கிறது.

அந்த ஏற்றுமதியின் விலையைப் பறவை கொடுத்தது. இப்போது இந்தியாவில் அதை வேட்டையாடுவதும் இறகை வெளியே அனுப்புவதும் சட்டப்படி குற்றம். மேலை நாடுகளில் ஈ கட்டுகிறவர்கள் அங்கேயே பண்ணையில் வளர்த்த காட்டுக்கோழியின் இறகை வாங்குகிறார்கள். அதன் விலை தாங்காதவர்கள் வண்ணம் தீட்டிய செயற்கைக் கண்ணை ஒட்டுகிறார்கள், அல்லது விட்டுவிடுகிறார்கள். மூல வடிவத்தை அணுவும் மாற்றாமல் காப்பது என்ற கொள்கை இங்கே ஒரு உயிரின் எல்லையைத் தொடுகிறது. செய்முறைக்கு உண்மையாக இருப்பதைவிடக் காட்டுக்கு உண்மையாக இருப்பது பெரிது என்றே நான் நினைக்கிறேன். கண் இல்லாத கிரே கோஸ்ட் குறையுள்ளதாக இருக்கலாம். காட்டுக்கோழி கூவாத விடியல் அதைவிடப் பெரிய குறை.

வுல்லி பக்கருக்கு இந்தச் சிக்கல் இல்லை. வான்கோழி, வீட்டுச் சேவல், ஆலைக் கயிறு என்று எங்கும் கிடைப்பதை வைத்தே அது வாழ்கிறது. ஆனாலும் உறவு முற்றிலும் அறுந்துவிடவில்லை. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆக, இரண்டு முள்ளிலும் ஒரே குடும்பத்தின் இறகுதான். ஒன்றில் அது கண்ணாகத் தெரிகிறது. மற்றதில் ரத்தத்தில் ஒளிந்திருக்கிறது.

பெயர்

இரண்டுக்கும் இழப்பு உண்டு. கிரே கோஸ்ட்டின் அழகே அதற்குப் பகையாகிவிட்டது. கட்டப்படும் கிரே கோஸ்ட்டுகளில் பல, தண்ணீரையே பார்க்காமல் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விடுகின்றன. மெய்ன் ஏரிகளில் அது இன்னும் மீனுக்காகவே நீரில் இறங்குகிறது என்பதில் எனக்கு ஆறுதல். பிறந்த ஊரில் வேலைசெய்துகொண்டிருக்கும்வரை எந்த மரபும் பொருட்காட்சியாகிவிடாது.

வுல்லி பக்கரின் இழப்பு வேறு வகை. அது எல்லோர் டப்பாவிலும் இருக்கிறது. அதைக் கட்டியவர் பெயர் மிகச் சிலர் நினைவில்தான் இருக்கிறது. மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமையோடு சேர்ந்து மறந்துவிடலாம் என்ற உரிமையும் வந்துவிட்டது போல ஆகிவிட்டது. இதில் எனக்கும் பங்கு உண்டு. முதியவர் தந்த கறுப்பு ஈயைப் பார்த்து நான் கட்டியவற்றில் பலவற்றைக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை அப்பாவோடு ஓடைக்கு வந்திருந்த ஒரு சிறுவன், அதன் வாலைத் தண்ணீரில் ஆட்டிப் பார்த்துவிட்டு, இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பல மீனை எனக்குத் தந்த ஒன்றின் மூலத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அந்தக் கேள்வியில்தான் உறைத்தது. அன்றிரவே தேடிப் படித்தேன். சிறுவனை அதற்குப் பின் பார்க்கவில்லை.

ஒப்பிட்டு முடிக்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான். நல்ல பகிர்வு என்பதற்கு கேரியின் ஈயிலிருந்து ஒன்றும் பிளெஸ்ஸிங்கின் ஈயிலிருந்து ஒன்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். வடிவத்தைக் கொடுக்கும்போது பிளெஸ்ஸிங்கின் ஈயைப் போலக் கொடுப்போம். வாங்குகிறவர் மாற்றட்டும், கெடுக்கட்டும், நம்மைவிட நன்றாகவும் செய்யட்டும். வரலாற்றைக் கொடுக்கும்போது கேரியின் ஈயைப் போலக் கொடுப்போம்; யார் கட்டியது, எந்த நீருக்காக, எந்த ஆண்டில் என்பதில் ஒரு இழையும் குறையக் கூடாது. மாற்றும் உரிமைக்கு நாம் தருகிற விலை, பெயரைச் சொல்வது. அது ஒன்றும் பெரிய விலை இல்லை.

இப்போது என் டப்பாவின் மூடிக்கு உட்புறம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஈரம் படாமல் இருக்க அதன் மேல் டேப். ‘கேரி ஸ்டீவன்ஸ், அப்பர் டேம், 1924’ என்பது முதல் வரி. ‘ரஸ்ஸல் பிளெஸ்ஸிங், பென்சில்வேனியா, 1967’ என்பது இரண்டாவது. யாருக்காவது ஈ கொடுக்க மூடியைத் திறக்கும்போது அவர்கள் கண்ணில் முதலில் படுவது இந்தச் சீட்டுதான். மூன்றாவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். ஏப்ரல் குளிரில் திரும்பி நடந்துவந்து, கேளாமலே தந்துவிட்டுப் போன அந்த முதியவரின் பெயர் அங்கே வர வேண்டியது. கையில் ஈ வந்த மகிழ்ச்சியில் நான் அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.